ரூட் பஸ் கேள்வி – பதில்: பர்மிட், வசூல், காற்று, டைமிங்

ஒன்றிரண்டு வண்டியை வைத்துக்கொண்டு கிராமத்து ரூட்டில் குடும்பமாகத் தொழில் நடத்துகிறவர்களும், அந்த வண்டிகளை நம்பியிருக்கும் ஊர்க்காரர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அப்பா இறந்து 19 நாளாகிறது. ஒரே ஒரு ரூட் பஸ், பர்மிட் (ரூட்டில் ஓட்ட அனுமதி), ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) இரண்டும் அவர் பெயரில்தான். "வண்டி பாட்டுக்கு ஓடட்டும், வருஷம் திரும்பினதும் பேரை மாத்திக்கலாம்" என்கிறார் டிரைவர் அண்ணன். பர்மிட்டோ அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. அம்மா, நாங்கள் இரண்டு பெண்கள், ஒரு தம்பி. முதலில் எதைச் செய்வது? — வாசகி, துறையூர்

டிரைவர் அண்ணன் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் அப்படி விட்டால் பர்மிட் கையை விட்டுப் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 82-ஆம் பிரிவு உங்கள் வீட்டு நிலைமைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. பர்மிட்தாரர் இறந்துவிட்டால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் அந்தப் பர்மிட்டை 3 மாதம் தன்னுடையதைப்போல் பயன்படுத்தலாம். அதற்கு ஒரு நிபந்தனை: இறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பர்மிட் கொடுத்த அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. இதைப் படித்த மறுநாளே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் இரண்டு செய்தி இருக்க வேண்டும். ஒன்று, பர்மிட்தாரர் இன்ன தேதியில் காலமானார். இரண்டு, இந்தப் பர்மிட்டை நான் தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறேன். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். சட்டம் இரண்டையும் கேட்கிறது. இறப்புச் சான்று, பர்மிட் நகல், ஆர்.சி. நகல் இணைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரைத் தாளின் நகல் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். வழியில் மறித்துக் கேட்டால் நடத்துநர் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

பெயர் மாற்ற மனுவை இறந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் பிறகும் ஏற்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அந்த இடத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் சிக்கலே வேறு இடத்தில் இருக்கிறது. 3 மாத உரிமை பர்மிட்டின் ஆயுளைத் தாண்டாது. பர்மிட் அடுத்த மாதக் கடைசியில் முடிந்தால் அந்த உரிமையும் அன்றோடு முடிந்தது. புதுப்பிக்கும் மனுவை முடிவு தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். பெயர் மாறட்டும், பிறகு புதுப்பிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மனுவையும் ஒன்றாகக் கொடுங்கள். புதுப்பிக்கும் மனு மேசையில் கிடக்கும்போதே தேதி நெருங்கிவிட்டால், 87-ஆம் பிரிவில் தற்காலிகப் பர்மிட் கேளுங்கள். அது அதிகபட்சம் 4 மாதத்துக்குக் கிடைக்கும்.

யார் பெயரில் மாற்றுவது? எங்கள் யோசனை: நால்வரில் ஒருவர் பெயரில் மட்டும். மற்ற மூவரும் சம்மத உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரட்டும். வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை வீட்டுக்குள் தனி ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பெயரையும் போட்டால் ஒவ்வொரு எப்.சி.க்கும் (வண்டித் தகுதிச் சான்று), வண்டி மாற்றத்துக்கும், கடனுக்கும் நான்கு கையெழுத்துத் தேடி அலைய வேண்டும். தாலுகா அலுவலக வாரிசுச் சான்றுக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். எல்லாம் தயாராக இருந்தும் அந்த ஒரு தாளுக்காகவே ஃபைல் நிற்கும்.

ஆர்.சி. மாற்றம் தனி வேலை. வாரிசு முறையில் மாற்ற 31-ஆம் எண் படிவம். இதற்கும் 3 மாதக் கெடுதான். வண்டி மேல் கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதம் வேண்டும். இன்சூரன்ஸ், இறந்த நாளிலிருந்து 3 மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்துகிறதோ அதுவரை செல்லும். பர்மிட் ஒரு பெயரிலும் ஆர்.சி. இன்னொரு பெயரிலும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதை ஒன்றாக்குவது பெரும்பாடு.

சட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வசூல் கட்டுவது அப்பாவின் வங்கிக் கணக்கிலா? இறப்புச் செய்தி வங்கிக்குப் போனதும் அதிலிருந்து எடுக்க முடியாது. டீசல் பங்கில் மாதக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பர்மிட் சிக்கலுக்கு முன்னால் டீசலுக்குக் காசில்லாமல் வண்டி நிற்கக்கூடாது.

கேள்வி: உறவினர் ஒருவர் 55 சீட் மொபசல் (ஊர் விட்டு ஊர் போகும்) வண்டியைப் பர்மிட்டோடு விற்கிறார். ஒரு நாளைக்கு 350 கி.மீ. ஓட்டம். "தினமும் செலவு போக மூவாயிரம் நிற்கும்" என்கிறார். நம்பலாமா? — வாசகர், தாராபுரம்

நம்புவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் நிர்ணயித்த சாதாரண மொபசல் கட்டணம் கி.மீ.க்கு 58 காசு. 55 சீட்டும் நாள் முழுக்க, போக வர, ஒன்றுகூடக் காலியாக இல்லாமல் ஓடினால் கி.மீ.க்கு 31 ரூபாய் 90 காசு, 350 கி.மீ.க்கு 11,165 ரூபாய்.

இனி செலவு. லிட்டருக்கு 5 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றால் 70 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 6,440. வண்டி பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு ரகம்) என்றால் டீசலில் நூற்றுக்கு நாலு பங்கு யூரியா திரவம் குடிக்கும், அது 170. டிரைவர், நடத்துநர் இருவருக்கும் சம்பளமும் பேட்டாவும் (தினப்படி) 2,300 என்று போடுவோம்; உங்கள் ஊர் வழக்கத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு டயருக்குத் தேய்மானம் கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய், 525. ஆயில், கமான் பட்டை (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்), லைனிங், கிளட்ச், சில்லறை வேலை எல்லாம் சேர்த்து 560. காலாண்டு வரி, எப்.சி., பஸ் ஸ்டாண்டு கட்டணம், ஜி.பி.எஸ். வகையில் 300. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் 2022 அறிவிப்பின்படி அடிப்படை 14,343 ரூபாய், அதற்கு மேல் பயணி ஒருவருக்கு 877. 55 சீட்டுக்கு 62,578, ஜி.எஸ்.டி. தனி. நாளைக்கு 200 என்று வரும். கூட்டினால் 10,495 ரூபாய்.

அதாவது, எல்லாச் சீட்டும் நிறைந்த வசூலில் நூற்றுக்கு 94 பங்கு செலவுக்கே போகிறது. இதில் வங்கித் தவணை சேரவில்லை, சொந்தச் சேத இன்சூரன்ஸ் சேரவில்லை, வண்டி படுத்த நாள் சேரவில்லை.

பிறகு எப்படி இத்தனை பேர் ஓட்டுகிறார்கள்? 58 காசுக் கணக்கில் ஒரு சீட்டை ஒருவரே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கிறார். ரூட்டில் அப்படி இல்லை. கட்டணம் ஸ்டேஜ் (கட்டணத்துக்காகப் பிரித்த தூரம்) கணக்கில் வசூலாவதால், இரண்டு கி.மீ. போகிறவரும் குறைந்தபட்ச டிக்கெட் எடுக்கிறார். அவர் இறங்கிய இடத்தில் இன்னொருவர் உட்காருகிறார். ஒரே சீட் ஒரு சிங்கிளில் (ஒருவழி நடையில்) மூன்று முறை விலை போகும். காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் நின்றுகொண்டு வருகிறவர்கள்தான் மதிய நேரத்துக் காலி ஓட்டத்துக்குப் படியளக்கிறார்கள்.

ஆகவே வண்டியின் பெயின்டையும் பாட்டு செட்டையும் பார்ப்பதற்கு முன் டைமிங் ஷீட்டைப் பாருங்கள். காலை உச்ச நேரத்தில் டவுனை நோக்கிப் போகிறதா, டவுனிலிருந்து திரும்புகிறதா? முன்னால் போகும் வண்டிக்கும் இதற்கும் எத்தனை நிமிடம்? ரூட்டில் எத்தனை கி.மீ. அரசு டவுன் பஸ் கூடவே வருகிறது? 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த நீளத்தில் குறுந்தூரப் பெண் பயணிகளை நீங்கள் கணக்கில் எழுத முடியாது. குறுந்தூரப் பயணிதான் லாபம் என்று மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

சோதிக்க ஒரு வழி: ஒரு முகூர்த்த நாள், ஒரு சாதாரண செவ்வாய், ஒரு ஞாயிறு என மூன்று நாள், முதல் சிங்கிளிலிருந்து கடைசி வரை வண்டியிலேயே உட்காருங்கள். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஏறுவோர் இறங்குவோரை எழுதுங்கள். மைலேஜை முதலாளி வாயால் கேட்காமல், டேங்கை மூடிவரை நிரப்பி, ஒரு நாள் ஓட்டி, அதே பங்கில் அதே அளவுக்கு நிரப்பிக் கணக்கிடுங்கள். 5 என்பது 5.5 ஆனால் நாளைக்கு 6 லிட்டருக்கு மேல் மிச்சம். 350 நாளில் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். ஷெட் எங்கே என்றும் கேளுங்கள். முதல் நிறுத்தத்திலிருந்து 6 கி.மீ. தள்ளி ஷெட் இருந்தால் தினமும் 12 கி.மீ. வெறும் ஓட்டம், டீசலில் மட்டும் 220 ரூபாய்.

மூவாயிரம் நிற்கும் ரூட்டுகள் உண்டு. ஆனால் அவற்றை யாரும் லேசில் விற்பதில்லை.

கேள்வி: ஒரு காலத்தில் நூறு, இருநூறு வண்டி வைத்திருந்த தனியார் கம்பெனிகள் எங்கே போயின? இப்போது எல்லாம் இரண்டு வண்டி, மூன்று வண்டிக் கம்பெனிகளாகவே இருக்கின்றனவே? — வாசகர், பொள்ளாச்சி

உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. தமிழக அரசு 1970-களின் தொடக்கத்தில் பெரிய பஸ் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியது. 1972-இல் மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின; பொள்ளாச்சியின் ஆனைமலைஸ் பஸ்கள் சேரன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. சிறிய முதலாளிகளிடம் இருந்த கிராமத்து ரூட்டுகள் பலவும் தப்பின. அவையே இன்று பேரன் கைக்கு வந்திருக்கின்றன.

கேள்வி: இரவு ஷெட்டில் விடும்போது பிரேக் காற்று முழுதாக இருக்கிறது. காலையில் மீட்டர் முள் அடியில் கிடக்கிறது. ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் ஆவதால் முதல் சிங்கிள் 10 நிமிடம் தாமதம். மெக்கானிக் கம்ப்ரஸரை (டேங்கில் காற்றை ஏற்றும் பம்ப்) மாற்றச் சொல்கிறார். — வாசகர், மணப்பாறை

கம்ப்ரஸருக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். உங்களுக்கு இரண்டு நோய் இருக்கலாம்: காற்று இறங்குவது ஒன்று, ஏறுவதற்கு நேரமாவது ஒன்று. முதல் நோய்க்குக் கம்ப்ரஸர் காரணமாக இருப்பது அபூர்வம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். 8 பார் வரை ஏற்றி இன்ஜினை அணையுங்கள். ஷெட்டில் சத்தமே கூடாது, பாட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் 10 நிமிடம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால் கசிவு டேங்க், டிரெய்ன் வால்வு (தண்ணீர் வடிக்கும் வால்வு), அன்லோடர் வால்வு, பைப் இணைப்பு இவற்றில் எங்கோ இருக்கிறது. இறங்காவிட்டால் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது மட்டும் இறங்கினால் பின் சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் சேம்பரோ, ஹேண்ட் பிரேக் வால்வோ, அவற்றுக்குப் போகும் ஹோஸோதான். மூன்றாவதாக, ஒருவரை உட்காரவைத்து பிரேக் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மிதித்தால் மட்டும் இறங்குகிறது என்றால் கால் வால்வு, சேம்பர் டயாபிரம், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ். இப்படி மூன்றாகப் பிரித்துக்கொண்ட பிறகு ஷாம்பு கரைத்த தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு இடத்தை எல்லோரும் மறக்கிறார்கள். ஒன்று, காற்றில் இயங்கும் கதவின் சிலிண்டர். இன்னொன்று, பிறகு சேர்த்த ஏர் ஹாரன். டேங்கிலிருந்து ஒரு 'T' இணைப்பு போட்டு மலிவான பிளாஸ்டிக் குழாயில் இழுத்திருப்பார்கள். அந்த இணைப்புதான் ராத்திரி முழுக்கக் கசியும்.

ஏறுவதற்கு நேரமாவது வேறு கதை. எல்லா டேங்கின் அடி வால்வையும் திறந்து வெளியே வருவதைப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால், தினம் வடிக்காததும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும்தான் தண்ணீர் சேரக் காரணம். கறுப்பாக எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போதும் முதலில் கம்ப்ரஸரிலிருந்து டிரையருக்குப் போகும் இரும்புக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் வெந்து கரியாகி, விரல் கனக் குழாய் பென்சில் துளைக்குச் சுருங்கியிருக்கும். குழாயைச் சுத்தம் செய்தாலே பாதி நேரம் மிச்சமாகும். ரிங் தேய்ந்த கம்ப்ரஸரை அப்படியே விட்டால் புது டிரையர் கார்ட்ரிட்ஜும் ஒரு மாதத்தில் எண்ணெய் குடித்துச் சாகும். அந்த நிலையில் மட்டும் மெக்கானிக் சொன்னதைக் கேளுங்கள்.

நேரமாகிறது என்பதற்காகச் செய்யக் கூடாத ஒன்று: காற்று ஏறும் வரை காத்திருக்காமல், பின் சேம்பர் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டு வண்டியை எடுப்பது. அது பழுதான வண்டியை இழுத்துப் போவதற்கான ஏற்பாடு. ஆள் ஏற்றி ஓட்டினால், காற்று போகும் நேரத்தில் தானாகப் பிடிக்க வேண்டிய பிரேக் பிடிக்காது. சேம்பரின் வளையத்தை ஷெட்டில் கழற்றவும் வேண்டாம். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போகும்.

கேள்வி: எங்கள் வண்டி 8.10-க்கு. முன்னால் 7.58-க்குப் போக வேண்டிய வண்டி தினமும் 8.07-க்கு எடுக்கிறது. பள்ளி, ஆஸ்பத்திரிக் கூட்டம் முழுக்க அதில் போய்விடுகிறது. டிரைவர்கள் இரண்டு முறை கைகலப்புவரை போய்விட்டார்கள். — வாசகர், அறந்தாங்கி

12 நிமிட இடைவெளி 3 நிமிடமாகச் சுருங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது ஓடிவந்து ஏறுகிறவர்கள்தான். ஆத்திரம் நியாயமானது. ஆனால் இதை டிரைவரிடம் விட்டால் அவர் ரோட்டில் தீர்க்கப் பார்ப்பார். ஓவர்டேக் பண்ணி அடுத்த நிறுத்தத்தில் குறுக்கே நிறுத்துவது அப்படித்தான் தொடங்குகிறது. ஒரு விபத்தின் நஷ்டத்தை எந்த எட்டு மணி வசூலும் ஈடு செய்யாது.

15 நாள் குறிப்பு எடுங்கள்: தேதி, அந்த வண்டியின் பதிவு எண், ஸ்டாண்டை விட்ட நேரம், உங்கள் வண்டி விட்ட நேரம். ஸ்டாண்டில் டைம் கீப்பர் இருந்தால் அவர் புத்தகத்தில் பதிவாகச் சொல்லுங்கள். உங்கள் ஜி.பி.எஸ். அறிக்கையை இணையுங்கள்; அது உங்கள் வண்டி ஒழுங்காக எடுத்தது என்பதற்குச் சாட்சி. எதிர் வண்டியின் அனுமதிக்கப்பட்ட டைமிங்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். சில சமயம் அவர்களுக்கு டைமிங் திருத்தமே ஆகியிருக்கும், உங்களிடம் பழைய ஷீட் இருக்கும். அவர்கள் பக்கம் தவறு என்றால், டைமிங் என்பது பர்மிட்டின் நிபந்தனை; நிபந்தனை மீறினால் 86-ஆம் பிரிவில் பர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் உண்டு. இதைச் சுட்டி எழுதி, டைமிங் கான்பரன்ஸ் (முதலாளிகளை அழைத்து நேரத்தைப் பேசித் தீர்க்கும் கூட்டம்) கூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த வண்டி வேண்டுமென்றே நிற்கிறதா, முந்தைய சிங்கிளில் தாமதமாக வந்து சேர்கிறதா? பல ரூட்டுகளில் ஓட்ட நேரம் வேகத்தடையும் சிக்னலும் இல்லாத காலத்தில் போட்டது. இன்றைய ரோட்டில் யாராலும் அந்த நேரத்துக்குள் வர முடியாது. அப்படியானால் இரண்டு முதலாளிகளும் சேர்ந்து ஓட்ட நேரத்தைத் திருத்தக் கேட்பதுதான் வழி. ஒருவர் மட்டும் கேட்டால் மற்றவர் எதிர்ப்பார், ஃபைல் அங்கேயே தூங்கும்.

கேள்வி: நடத்துநர் மேல் சந்தேகமாக இருக்கிறது. ஆறு வருடமாக இருக்கும் ஆள். கேட்கவும் சங்கடம். — வாசகி, முசிறி

கேட்காதீர்கள், முதலில் கணக்கைக் கேளுங்கள். இந்தத் திங்கள் வசூலைப் போன திங்களோடு ஒப்பிடுங்கள், நேற்றோடு ஒப்பிடாதீர்கள். அதுவும் நாள் மொத்தத்தை அல்ல, சிங்கிள் சிங்கிளாக. எட்டு வாரம் எழுதினால் ஒவ்வொரு சிங்கிளுக்கும் ஒரு இயல்பான அளவு தெரிந்துவிடும். முகூர்த்தம், சந்தை, மழை, பள்ளி விடுமுறையை ஓரத்தில் குறித்துவையுங்கள். குறைவு எல்லாச் சிங்கிளிலும் பரவலாக இருந்தால் கூட்டம் குறைந்திருக்கிறது. கூட்டம் மிகுந்த ஒரே சிங்கிளில் மட்டும், நடத்துநர் மாறிய நாளில் மட்டும் வசூல் ஏறினால் வேறு பொருள்.

ஓட்டை பெரும்பாலும் மூன்று இடத்தில். காசை வாங்கி டிக்கெட் கொடுக்காமல் விடுவது, இறங்கும் வாசலில் நடக்கும். நீண்ட ஸ்டேஜுக்குக் காசு வாங்கிக் குறுகிய ஸ்டேஜ் டிக்கெட் அடிப்பது. லக்கேஜ்: கீரைக்கட்டு, பால்கேன், பூக்கூடை, பார்சல், பல வண்டிகளில் இதற்கு டிக்கெட்டே கிடையாது, எவ்வளவு வருகிறது என்று முதலாளிக்கே தெரியாது. லக்கேஜ் ரேட்டைத் தாளில் எழுதி ஒட்டி, அதையும் மெஷினில் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்டேஜிலும் வே பில்லில் (நடத்துநரின் கணக்குத் தாளில்) அதுவரை கொடுத்த கடைசி டிக்கெட் எண்ணை எழுதுவது கட்டாயமாகட்டும். செக்கர் ஏறினால் அந்த எண்ணும் வண்டியில் இருக்கும் தலையும் பொருந்த வேண்டும். செக்கர் மாதம் நான்கு முறை போதும், ஆனால் ஒரே இடத்தில் ஏறக்கூடாது.

பேட்டாவை வசூலோடு இணைத்திருக்கிறீர்களா? ஒரு அளவுக்கு மேல் வரும் வசூலில் டிரைவருக்கும் நடத்துநருக்கும் பங்கு வைத்தால், நடத்துநர் விடும் ஒவ்வொரு டிக்கெட்டும் டிரைவர் பையிலிருந்து போகிறது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். ஒன்று கவனியுங்கள்: அந்த அளவை மிக உயரத்தில் வைத்தால் படியிலும் ஏணியிலும் ஆள் தொங்கும். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு தலைக்கு 200 ரூபாய் என்று 194ஏ பிரிவு சொல்கிறது. அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: புதிய மினி பஸ் திட்டத்தில் எங்கள் ஊருக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். ரூட்டை எப்படித் தேர்வு செய்வது? — வாசகர், ஒட்டன்சத்திரம்

1997-இல் வந்த மினி பஸ் திட்டத்தில் தூரம் 20 கி.மீ.; அதில் ஏற்கெனவே பஸ் ஓடும் சாலை 4 கி.மீ. மட்டும். பல வண்டிகள் டவுனுக்குள் நுழைய முடியாமல் எல்லையிலேயே ஆளை இறக்கிவிட்டு, அதனாலேயே நின்றுபோயின. 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் அதிகபட்சம் 25 கி.மீ.; அதில் 65 விழுக்காடு பஸ் இல்லாத சாலையாக இருக்க வேண்டும். முழு 25 கி.மீ. எடுத்தால் 16.25 கி.மீ. பஸ் இல்லாதது, மீதி 8.75 கி.மீ.தான் உங்கள் சோறு. அந்த மீதியை டவுனுக்குள் எங்கே போய் முடிப்பது என்பதில் மூளையைச் செலவழியுங்கள். அரசு மருத்துவமனை, சந்தை, பஸ் ஸ்டாண்டு மூன்றில் இரண்டையாவது தொட வேண்டும். உங்கள் ஊருக்கு மார்க்கெட் நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

பஸ் இல்லாத பகுதியை பைக்கில் அல்ல, ஒரு டிராக்டரிலோ வேனிலோ போய்ப் பாருங்கள். தாழ்ந்த மின்கம்பி, ரயில்வே அடிப்பாலத்தின் உயரமும் மழைத் தண்ணீரும், எதிரே கரும்பு லாரி வந்தால் ஒதுங்க இடம், கடைசி ஊரில் வண்டி திருப்ப இடம்: இவை நான்கும் பைக்கில் தெரியாது.

கேள்வி: பத்து ராகம் பாடும் ஏர் ஹாரன் வைக்க அனுமதி உண்டா? பசங்க கேட்கிறார்கள். — வாசகர், கரூர்

இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 119 பல ஸ்வர ஹாரனைத் தடுக்கிறது. மணப்பாறை வாசகருக்குச் சொன்ன காற்றுக் கசிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குள் மாலை 6.40-க்கு வர வேண்டிய தனியார் பஸ் வாரத்தில் மூன்று நாள் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகிறது. டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள் இரண்டரை கி.மீ. இருட்டில் நடக்கிறார்கள். யாரிடம் சொல்வது? — வாசகி, விராலிமலை

பர்மிட்டில் உங்கள் ஊர் இருந்தால் அங்கே வந்துபோவது அவர்கள் கடமை. ஆள் இல்லை என்று டிரிப்பை வெட்டுவது நிபந்தனை மீறல். ஆனாலும் முதல் நடையாக ஷெட்டுக்குப் போய் முதலாளியைப் பாருங்கள் என்றுதான் சொல்வோம். பாதிக்குப் பாதி இடத்தில் முதலாளிக்கே தெரியாது. கடைசி நடையில் சீக்கிரம் வீடு போக டிரைவரும் நடத்துநரும் முடிவு செய்ததாக இருக்கும், அந்த 5 கி.மீ. டீசலும் கணக்கில் ஓடியதாகவே எழுதப்பட்டிருக்கும். அதை ஜி.பி.எஸ்.ஸில் பார்க்கச் சொன்னால் அவர் கோபம் உங்கள் மேல் திரும்பாது.

எத்தனை பிள்ளைகள், எந்தெந்த நாள், எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். நடத்துநர் கைபேசி எண்ணை வாங்கி, "இன்றைக்கு ஏழு பேர் இருக்கிறோம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் வண்டி திரும்புவதற்குச் சாக்கு இருக்காது. மழையில் ஊர்ச் சாலை பெயர்ந்து கிடப்பதும் பலமுறை உண்மைக் காரணம். கமான் பட்டை முறிந்தால் மறுநாள் முழுக்க வண்டி நிற்கும். அப்படியானால் மனு ஊராட்சிக்கும் சேர்த்துப் போக வேண்டும்.

பேசியும் நடக்கவில்லையென்றால் ஆர்.டி.ஓ.வுக்கு ஒன்று, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒன்று. பதிவு எண், ரூட், வர வேண்டிய நேரம் மூன்றும் இருக்கட்டும். "பல நாட்களாக வருவதில்லை" என்று எழுதாதீர்கள். வராத தேதிகளை வரிசையாக எழுதி, கூடவே வந்த தேதிகளையும் எழுதுங்கள், இரண்டையும் ஜி.பி.எஸ். பதிவோடு வைத்துப் பார்க்க அதிகாரிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.